பாவு வெயிலில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி

அந்தத் தொட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது ஒரு நீளமான ‘அப்பாடா’தான். திட்டு அதற்கப்புறம்தான் வரும். திட்டு என் வீட்டுக்காரருக்கு. நல்ல நெசவாளி, ஆனால் கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். பெரும்பாலும் கூலி நெசவு. முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார், நாம் நெய்து கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அந்தச் சேலையை யார் கட்டினார்கள், எப்படி இருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. இவருக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் முதலாளியிடம் போய், இனிமேல் சொந்தமாக நெய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “போய்ப் பாருப்பா. சேலை போகலைன்னா இங்க கொண்டாந்து போடு. அப்படியே பழைய எடத்துல உக்காந்துக்கலாம்” என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தாராம். இவர் வீட்டில் வந்து அந்தச் சிரிப்பை அப்படியே நடித்துக்காட்டினார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதல் ஆர்டர் வாலாஜாபாத்திலிருந்து வந்தது. அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு டீச்சரம்மா. முப்பது தாண்டித்தான் கல்யாணம் கூடி வந்திருந்தது. முகூர்த்தச் சேலைக்குச் சொல்ல வந்தவர், பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஒரு மண்தொட்டியைக் கொண்டுவந்திருந்தார். தொட்டியில் ஒரு முழ உயரத்துக்குச் செடி. இலையின் நடுவெல்லாம் நல்ல அரக்கு நிறம். ஓரத்தைச் சுற்றிப் பல் பல்லாகக் கிளிப்பச்சை. யாரோ உட்கார்ந்து கரை போட்டு நெய்த மாதிரி இருந்தது. கோலியஸ் என்று அவர் பேர் சொன்னார். எங்கள் தெருவில் கலர் இலை விட்டதெல்லாம் குரோட்டன்ஸ்தான்.

“எங்க பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல நானே வளர்த்ததுங்க. தினம் காலையில இதப் பார்த்துட்டுத்தான் கிளாசுக்குப் போவேன். இந்தக் கலர்லதான் மணையில உக்காரணும்னு ஒரு ஆசை. கடையில கேட்டா, இதே கலர்தாம்மான்னு எதையெதையோ எடுத்துப் போடுறாங்க.”

இவர் ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதாவது ‘பார்க்கலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? “டீச்சரம்மா, நீங்க வந்து இலையைச் சேலை மேல போடுங்க. இலை எங்கேன்னு நீங்களே தேடணும். இல்லாங்காட்டி சேலையை எடுக்கவே வேணாம்!” என்றார்.

“அப்போ தொட்டி இங்கயே இருக்கட்டும். சேலை முடிஞ்சதும் வர்றேன். இலையை வெச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்” என்றார் அந்த அம்மா, இவரைவிடக் கெட்டியாக. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

சாயம் நன்றாகவே வந்தது. சாயக்காரர் பட்டு நூலை முக்கி எடுப்பதும், இலையோடு வைத்துப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி முக்குவதுமாக ஒரு பகல் முழுக்கப் போனது. கடைசியில் இலையும் நூலும் ஒன்றாகிவிட்டன. இவர் மீசையை நீவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வந்ததும் நேராகத் தொட்டியைத் தூக்கிப் போய்த் தறி அறையின் இருட்டு மூலையில் வைத்தார்.

“செடியைக் கொண்டுபோய் இருட்டுல வெக்கிறீங்களே?” என்றேன்.

“சாயம் போட்ட பட்டை வெயில்ல காயப்போடுவியா நீ? நெழல்லதானே போடுவே? வெயில் பட்டா வெளுத்துடும். இதுவும் கலர்தானேடி.”

எங்கள் அப்பாவுக்கு மாகறலில் தறியோடு கொஞ்சம் நிலமும் இருந்தது. நான் நாற்றங்காலில் விளையாடி வளர்ந்தவள். வெயில் இல்லாமல் எது வளரும்? சொன்னேன். “இது பயிரா? இது கலரு” என்றார். மாமியார் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே, “மரத்த வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வாங்க. இங்க வெச்ச மகராசி வாலாஜாபாத்ல இருக்குது. நீ ஊத்துமா” என்றார். ஊற்றினேன்.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். இவர் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய, கரை நூல் சுற்றிய நாடாவை வீச நான் பக்கத்தில் உட்காருவேன். ஆகவே நாள் முழுக்க எங்கள் இரண்டு பேர் கண்ணும் அந்த மூலையில்தான். முதலில் செடி உயரமாக வளர்ந்தது. இவர் என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினார். பிறகு தண்டு நூல் மாதிரி இளைத்துத் துவண்டது. அதற்குப் பிறகு வந்த இலைகளில் அரக்கைக் காணோம். ஏதோ சேற்றுப் பச்சை. கொய்யா இலையைப் பறித்து ஒட்டவைத்தாற்போல் இருந்தது. எங்களுக்கு முன்னால் தறியில் அரக்கு தகதகவென்று ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செடியிலிருந்து அரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“டீச்சரம்மா இந்த இலையைச் சேலை மேல போட்டா இன்னா ஆகும் தெரியுமா?” என்றேன்.

இவர் நாடாவை இழுத்து வீசினார். அந்தம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சேலையை முதலாளியிடம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். பிறகு ஆயுசுக்கும் கூலி நெசவுதான்.

அன்றைக்கே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கிணற்றடியில் வைத்தேன். நல்ல பங்குனி வெயில். இனி என் ஆட்சி என்று நினைத்தேன். என் ஆட்சி அவர் ஆட்சியை விடக் கேவலமாகப் போயிற்று. இருட்டிலேயே இருந்து பழகிய செடி அது. மத்தியானத்துக்குள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றினால் எழுந்து நிற்கும், மறுநாள் மறுபடி தொங்கும். கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் சுட்ட அப்பளமாகிவிட்டது. நடுவில் மிச்சமிருந்த அரக்கும் வெளிறிப் போய்விட்டது.

“இன்னாமா, உங்க ஊரு வெவசாயம் இதானா?” என்றார் மாமியார்.

“இவரு வெச்சது இருட்டு, நான் வெச்சது வெயிலு. நீங்க சொல்லுங்க அத்தை, எங்க வெக்கிறது?”

“எனக்கு இன்னாமா தெரியும்? நான் இன்னா செடியா?”

அன்று எனக்கும் இவருக்கும் தறியில் சரியான சண்டை. நாடா இந்தப் பக்கம் வரும்போது அவர் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் போகும்போது நான் ஒரு வார்த்தை. நல்ல வேளை, சேலையில் அது எதுவும் தெரியாது.

இதற்கு நடுவில் தெருவில் பாவு வேலை வந்துவிட்டது. சேலையின் நீளத்துக்கு ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்போம். அதைத் தெருவோடு நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து சரிசெய்வார்கள். எந்த வீட்டுப் பாவானாலும் தெருவே கை கொடுக்கும். விடிந்ததும் ஆரம்பித்து, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். அதற்குமேல் நின்றால் பட்டு முறுகிவிடும். பாவு உலர வெயிலும் வேண்டும், அந்த வெயிலும் இளசாக இருக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எனக்குக் கொல்லையிலும் நம்பிக்கை இல்லை, தறி அறையிலும் நம்பிக்கை இல்லை. கருகின இலையை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, பாவு வேலைக்குப் போகும்போது தொட்டியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். வாசல் படியோரம் கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டு வேலை செய்தேன். ஆடு வந்தால் விரட்ட வேண்டுமே! பாவைச் சுருட்டும்போது தொட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, வாசற்கதவுக்குப் பின்னால் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்துவிடுவேன். அடுத்த வீட்டுப் பாவு, எதிர்வீட்டுப் பாவு என்று காலை தவறாமல் இதுவே நடந்தது. நான் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது செத்துப்போகாது என்று ஒரு மூடத்தனம், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் இவர் தெருவில் குந்தி, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பியவர் கையிலிருந்த இழையை அப்படியே விட்டுவிட்டார்.

“ஏய், இங்க வா. கொழுந்தப் பாரு. அரக்கு ஏறிக்கினு இருக்குது!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜோடி இலை. நடுவில் அரக்கு, ஓரத்தில் நூலிழை போலப் பச்சை. இவர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெயிலைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். “அட, இதுக்கு வேண்டியது பாவு வெயிலுடி!” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தினம் நாங்களே நின்று வேலை பார்க்கிற வெயில்!

அன்றிலிருந்து பாவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டி காலையில் வெளியே, வெயில் ஏறினால் உள்ளே. ஆனால் சேலை காத்திருக்குமா? சேலை முடிந்துவிட்டது. டீச்சரம்மாவும் வந்துவிட்டார். செடியில் கீழே வெளிறின இலைகள், நடுவில் சேற்றுப் பச்சை இலைகள், உச்சியில் மட்டும் சரியான இலை ஒன்றிரண்டு, அதுவும் வெற்றிலைக் கொழுந்து அளவுக்கு.

அவர் உள்ளே வந்ததும் தொட்டியைப் பார்த்தார். முகம் மாறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

அவர் கைப்பையைத் திறந்தார். ஈரத்துணியில் சுற்றின ஒரு இலையை எடுத்து வைத்தார். வெளுத்துப்போன ரோஸ் நிறம்.

“பள்ளிக்கூடத்து வேப்பமரம் காத்துல விழுந்துடுச்சுங்க. அந்த நிழல் போனதும் என் செடியெல்லாம் இப்படி ஆயிடுச்சு. உங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். இங்கயும்...” தொட்டியில் வெளிறின இலையைத் தொட்டுப் பார்த்தார். “அந்தக் கலரு இனிமே எங்கயும் இல்ல போலிருக்கு.”

இவர் எழுந்துபோய்ச் சேலையைக் கொண்டுவந்து விரித்தார்.

டீச்சரம்மா அதைத் தொடக்கூட இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. “இதுதாங்க. நான் தினம் பார்த்தது இதுதான்” என்றார்.

என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இதோடு விட்டிருக்கலாம். வாய் இருக்கிறதே!

“அப்படிச் சொன்னா எப்படி டீச்சரம்மா? இலையை வெச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்னீங்க” என்றார் இவர்.

பல்லைக் கடித்தேன். பாவி மனுஷா, வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறாயே! இவர் குனிந்து உச்சியில் இருந்த அந்தச் சின்ன இலையைக் கிள்ளினார். சேலையின் நடுவில் போட்டார்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மெல்லிசாக ஒரு பச்சை வளையம் மட்டும் தெரிந்தது. உள்ளே இலையைக் காணோம். டீச்சரம்மா விரலால் தடவித் தடவித் தேடினார். தேடிக்கொண்டே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதலாளியின் சிரிப்பு மறந்தது.

“அப்போ இது ஒண்ணுக்கு மட்டும் கலரு திரும்பிடுச்சே! எங்கதாங்க வெச்சிருந்தீங்க? வெயில்லயா, நிழல்லயா?”

“நெழல்ல” என்றார் இவர். “வெயில்ல” என்றேன் நான். ஒரே நேரத்தில்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. “ரெண்டும் சேர்ந்து அதைக் கொல்லப் பார்த்துதுங்கம்மா. அதுவே பொழைச்சுக்கினு வந்துது.”

டீச்சரம்மா சேலையோடு, செடியின் பக்கக் கிளை ஒன்றையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், பள்ளிக்கூடத்தில் மறுபடி நட. “காலையில மட்டும் வெயில்ல வைங்க, ஏறினா தூக்கிடுங்க” என்று வாசல்வரை போய்ச் சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இவர்தான். தொட்டியை டீச்சரம்மா எங்களுக்கே விட்டுவிட்டார். கல்யாணத்தில் சேலையைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்க்கிற இன்னொரு டீச்சர் எங்கள் வீடு தேடி வந்தார்.

அவருடைய சேலைக்குப் பாவு போட்ட அன்று, தெருவில் மறுபடி எங்கள் சொந்தப் பாவு. இவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “இன்னாடி பண்றே உள்ளே? எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க!”

“இருங்க, வர்றேன்” என்று தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியோரம் வைத்தேன். அதன்பிறகுதான் பாவின் மறுமுனையைக் கையில் வாங்கினேன்.