சங்குக்கு வைத்த ஆறு மணி

1. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளின் பின்புறச் சரிவில் ஒரு வெடிப்பு விழுந்தது.
2. பதுளையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். மழையோடு நிலம் நகர்கிறது என்று அளந்து காட்டினால், பதினொரு குடும்பங்களுக்கும் வேறு இடம் கேட்டு எழுதலாம் என்றார்.
3. நான் படித்த புவிச்சரிதவியல் துறையில் இரண்டு கருவிகளை இரவல் வாங்கினேன். மழையை அளப்பதன் கடிகாரம் செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே சரியாகிக்கொள்ளும். வெடிப்பை அளப்பதன் கடிகாரம் மலிவானது. வாரத்துக்கு ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டும்.
4. எனக்குக் கொழும்பில் வேலை. செய்யவேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி அம்மாவிடம் கொடுத்தேன்.
5. ஒரு மழைக்காலம் முழுவதும் அளந்தோம்.
6. அளவுகள் எதற்கும் உதவவில்லை.

படிக்கும்போது நான் ஆராய்ந்தது ஆழ்கடல் சேறு. அங்கே ஒரு விரற்கடைப் படிவுக்குள் பல நூற்றாண்டுகள் அடங்கிவிடும். மணிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. சரிவில் அப்படியில்லை. மழை கொட்டி எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விரிகிறது, ஒவ்வொரு மழைக்கும் அதே இடைவெளிதானா என்பதே சான்று.

அதிகாரி என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வாரம் மழை விட்டு ரொம்ப நேரம் கழிச்சு விரியுது. இன்னொரு வாரம் மழைக்கு முந்தியே விரியுது. மழை வரப்போகுதுன்னு வெடிப்புக்கு யாரு சொன்னா, தங்கச்சி? இத நான் எப்படி மேல அனுப்புறது?"

அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"கடிகாரத்துல நேரம் ஒழுங்கா வெச்சியாம்மா?"

"ஒரு வாரங்கூடத் தப்பல. சனிக்கிழமை காலையில பெக்டரிச் சங்கு ஊதுறப்ப பொத்தான வெரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டே நிப்பேன். சங்கு ஊதுனா ஆறு மணி."

"போன்ல நேரம் இருக்கே?"

"அது டவுன் நேரம் புள்ள."

பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் அக்கா வாசலிலிருந்தே சிரித்தாள். "டவுன் நேரத்துக்கு வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போனா அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான் போடுவான். கொழும்புக்குப் போனதும் மகாராணிக்குச் சங்கு மறந்துருச்சு!"

மறந்துதான் போயிருந்தேன். பள்ளிக்கூட பஸ்ஸையும் அந்தச் சங்கை வைத்துத்தான் பிடித்தேன். சில நாள் பஸ் வரும்வரை வெகுநேரம் நிற்பேன், சில நாள் அது போயிருக்கும். அது ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பெக்டரிக்குப் போய், சங்கு ஊதுபவரிடம் எந்த வாரம் எத்தனை மணிக்கு ஊதினார் என்று கேட்டேன். தெரிந்தால் கூட்டிக் கழித்துச் சரிசெய்துவிடலாம்.

"கொழுந்து கூடுனா முந்தி ஊதுவோம். பனி மூடிக்கிட்டா வெளுக்கட்டும்னு பிந்தி ஊதுவோம். அத யாருங்க எழுதி வைப்பாங்க?"

திரும்பி வந்தபோது அம்மா என் தாளை எடுத்து வைத்திருந்தாள். நனையாமல் இருக்கப் பொலித்தீன் உறையில் போட்டிருந்தாள். நான்காவது வரியில் என் கையெழுத்தில் இருந்தது: சரியான நேரத்தை வைக்கவும். எந்த நேரம் என்று நான் எழுதவில்லை.

"அப்ப என்னாலதான் கெட்டுப்போச்சா?" என்றாள்.

"இல்லம்மா, நான் எழுதினதுதான் தப்பு."

அவள் நம்பவில்லை. பக்கத்துக் காம்பிராவில் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் பேசியது முழுவதும் அங்கே கேட்டிருக்கும். நடுவில் இருப்பது ஒரு தகரம்தான்.

இரவல் காலம் முடிந்து கருவிகள் துறைக்குத் திரும்பிவிட்டன. அடுத்து எப்போது கிடைக்கும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதிகாரியின் அலுவலகக் கோப்பில் 'போதிய ஆதாரமில்லை' என்று எழுதியிருக்கிறது. வெடிப்புக்குள் இப்போது என் கை போகிறது. தண்ணீர் இறங்காதிருக்க அம்மா அதில் களிமண்ணை அடைக்கிறாள், அது காய்ந்து விலகுகிறது. அடுத்த மாதம் மழை தொடங்கும். பதினொரு குடும்பங்களும் அதே லயத்தில்தான் இருக்கின்றன.