நான் உட்கார்ந்திருந்த வழக்கு

உப்புக்காற்று, பழைய காகிதம், கரையான் மண்... மூன்றும் கலந்த ஒரு வாசனை. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கோர்ட்டின் ரெக்கார்ட் ரூம் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் முகத்தில் அடிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசி. எட்டாவது தாண்டிய படிப்பு, யாரோ ஒருவரின் சிபாரிசு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அட்டெண்டர் ஆகிவிட்டேன். (நான் சொல்லச் சொல்ல மகள் டைப் பண்ணுகிறாள். "எட்டாவது தாண்டினீங்களாப்பா?" என்கிறாள். தாண்டினேன் தாயி, தத்தித் தத்தி.)

முடிந்த வழக்குகளைத் துணியில் கட்டி, நம்பர் அட்டை தொங்கவிட்டு, வருசவாரியாக அடுக்கில் வைக்க வேண்டும். அதுதான் வேலை. என் நாற்காலியின் பிரம்பு அறுந்து பள்ளம் விழுந்திருந்தது. உட்கார்ந்தால் மேசை தாடைக்கு வரும். அதற்கு நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன்...

ஒரு திங்கட்கிழமை மிக்கேலம்மாள் என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மீன் விற்கிறவர். அவர் வீட்டிலிருந்து கடலுக்குப் போகிற பாதையைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டாராம்.

"அது எங்க பாதைன்னு என் மாமனார் காலத்துலயே தீர்ப்பாயிருக்கு ஐயா. வெள்ளிக்கிழமை ஜட்ஜையா முன்னால அதக் காட்டணும். இல்லன்னா பாதை போச்சு."

"நம்பர் என்னம்மா?"

"நம்பரக் கண்டேனா?"

"வருசம்?"

"முத்துச் சலாபம் நடந்துச்சுல்லா, அதுக்கு மறு வருசம்."

"மாமனார் பேரு?"

"பெர்னாண்டோ."

"எதிராளி?"

"அவரும் பெர்னாண்டோதான்."

பெயர்ப் பட்டியலைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பெர்னாண்டோ! ஆகவே சலாபத்தைப் பிடித்தேன். முத்துக்குளிப்பு நடக்கிற மாதங்களில் சாட்சி சொல்லக் கடற்கரையில் ஓர் ஆண்பிள்ளை இருக்க மாட்டார். 'சாட்சி வரவில்லை, வாய்தா' என்று எந்த வருசத்து டைரியில் வரிசையாக இருக்கிறதோ, அதுதான் சலாப வருசம். தும்மித் தும்மி மூன்று நாள் புரட்டினேன். அகப்பட்டது. மறு வருசப் பதிவேட்டில் பெர்னாண்டோவுக்கும் பெர்னாண்டோவுக்கும் பாதைத் தகராறு ஒன்றே ஒன்று. நம்பரைச் சீட்டில் குறித்துக்கொண்டு, பெரிய வக்கீல் நடையில் அடுக்குக்குப் போனேன்.

அந்த அடுக்கு முழுவதையும் கரையான் தின்றிருந்தது. தொட்டால் மண்ணாக உதிர்ந்தது.

வியாழக்கிழமை மத்தியானம். வராந்தாவில் காத்திருந்தவரிடம் சொன்னேன். அழவில்லை. "செரி ஐயா. இனி கூடையத் தூக்கிக்கிட்டு ஊரச் சுத்தி நடக்க வேண்டியதுதான்" என்று எழுந்தார்.

எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. உள்ளே போய் நாற்காலியில் தொப்பென்று விழுந்தேன். தொடையில் ஏதோ குத்தியது.

நம்பர் அட்டை.

பள்ளத்தை நிரப்ப, மூன்று மாதத்துக்கு முன் அந்த அடுக்கிலிருந்து வழக்குக் கட்டு ஒன்றை உருவிப் போட்டிருந்தேன். மெத்தென்று இருந்தது, எடுத்தேன். அட்டையை யார் பார்த்தது? இப்போது பார்த்தேன். அதே நம்பர்!

வாசலுக்கு ஓடினேன். "ஏம்மா, நில்லுங்க! கிடைச்சிட்டு!"

"எங்கன கிடந்துச்சு ஐயா?"

உள்ளே கூட்டிப் போய் நாற்காலியைக் காட்டினேன். அவர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே! நாலு நாளா என் பாதை மேலயால உக்காந்திருந்த?"

'ஐயா' அன்றோடு சரி.

சத்தம் கேட்டு எங்கள் மேலதிகாரி சிரஸ்தார் வந்துவிட்டார். "கரையானுக்குப் பயந்து தனியா வச்சிருந்தேன் சார்" என்றேன். கட்டின் நடுவே இருந்த பள்ளத்தை அவர் பார்த்தார். "நல்லா அடைகாத்திருக்கீரு வே."

வெள்ளிக்கிழமை தீர்ப்பு நகல் ஜட்ஜ் முன்னால் போனது. வேலி பிரிந்தது. மறு வாரம் மிக்கேலம்மாள் ஒரு இலவம்பஞ்சுத் தலையணையோடு வந்து நின்றார்.

"இனி இதுல உக்காருல. ஊரார் சொத்து மேல உக்காராத."

ரிட்டையர் ஆகும்வரை அதில்தான் உட்கார்ந்தேன். உறை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

போன மாதம் மகள், பழைய கோர்ட் கட்டுகள் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனாள். ஏசி ரூம், கரையான் இல்லை, தும்மல் இல்லை. நம்பரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் திரையில் வருகிறது. நல்ல விஷயம்... என்னைப் போன்ற ஆட்களிடமிருந்து காகிதம் தப்பித்தது. நான் கேட்டதும், கையுறை போட்ட ஒரு பெண் அந்தக் கட்டையே எடுத்து வந்து காட்டினாள்.

"அந்த அடுக்குல தப்பிச்சது இது ஒண்ணுதான் சார். நடுவுல ஏன் இப்படிப் பள்ளம்னுதான் யாருக்கும் தெரியல."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல அகலம். இப்போது உட்கார்ந்தால் பாதிகூட நிரம்பாது.