சித்தியின் கீழாநெல்லி டப்பா

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கு முருங்கைக்கீரைதான் காரணம் என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். அப்பா மட்டும் அதை இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது வேலூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையானால் பஸ் ஏறி வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுடைய ஆராய்ச்சி கீழாநெல்லியைப் பற்றியது. மஞ்சள் காமாலை என்றால் ஊரே அரைத்துக் குடிக்கிற அந்தச் செடியில் ஃபில்லாந்தின் என்று ஒரு சத்து இருக்கிறதாம். நஞ்சு ஏறினாலும் ஈரல் எளிதில் கெட்டுப்போகாமல் அது காக்கிறதாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். இலைப்பொடியிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்துக் காட்டுவதுதான் சித்தியின் வேலை.

"அது தண்ணில கரையாது மாமா, ஆல்கஹால்லதான் கரையும்" என்று சித்தி சொன்னபோது அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈரலைக் கெடுக்கிறதும் அது, ஈரலுக்கு மருந்து எடுக்கிறதும் அதுவா என்று அன்று முழுவதும் புலம்பினார்.

"அப்போ நம்மாளுங்க மோர்ல கலக்கிக் குடிக்கிறாங்களே?" என்று கேட்டாள் அம்மா.

"மோர்ல கொழுப்பு இருக்குதில்லக்கா, அதுல கொஞ்சம் சேரும்."

அம்மாவுக்குத் திருப்தி. ஊர் வழக்கம் பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி தலையாட்டினாள்.

மழை விட்டதும் கீழ்பென்னாத்தூரில் இருந்த எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போய் மூட்டை மூட்டையாகச் செடி பிடுங்கி வந்தோம். காய் இலைக்கு அடியில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது என் பொறுப்பு. அந்தப் பதவியில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவுடன் வாயாடிக்கொண்டே, பார்க்காமல், விரலால் தடவியே வேறு செடிகளைக் கழித்து எறிவாள். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, வெயில் படாமல் ஃபேனுக்கடியில் உலர்த்தி, பொடித்து, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அடைத்தோம். வேலூரில் ஆய்வகத்துக்குச் சித்தியின் முறை வரும்வரை டப்பா அம்மாவின் காவலில் இருந்தது.

சித்திக்கு அப்பாதான் மாப்பிள்ளை பார்த்திருந்தார். செங்கத்தில் மண்டி வைத்திருக்கும் குடும்பம். வைகாசியில் கல்யாணம், அதற்குமேல் படிப்பு வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. எடுத்த படிப்பை முடிக்காமல் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்பது அப்பாவின் பேச்சு. ஆராய்ச்சி சித்திரையில் முடிந்துவிடும் என்பதால் இரண்டு பேச்சும் பொருந்திப் போயின. எனக்கு வாடாமல்லி நிறத்தில் பட்டுப்பாவாடை என்று முடிவாகியிருந்தது. அந்தக் கல்யாணத்தை என்னளவுக்கு எதிர்பார்த்தவர் மாப்பிள்ளையாகக்கூட இருக்க முடியாது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மாவும் சித்தியும் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போன என் காதில் அவர்கள் பேச்சு விழுந்தது.

"இன்னும் படிக்கணும்னு இருக்குதுக்கா. மாமாகிட்ட எப்படிச் சொல்றது?"

"அவரு வாக்கு குடுத்துட்டாரே."

சித்தி அழுதாள். அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு இரக்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கூடவே, நல்லவேளை, என் பாவாடைக்கு ஆபத்தில்லை என்றும்.

பங்குனியில் சித்தி டப்பாவை வேலூருக்கு எடுத்துப் போனாள். அடுத்த சனிக்கிழமை வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தாள். பொடியின் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினால் ஒவ்வொரு சத்தும் அதனதன் இடத்தில் புள்ளியாக நிற்குமாம். ஃபில்லாந்தின் நிற்க வேண்டிய இடம் மங்கிக் கிடந்ததாம், இருக்கக்கூடாத இடத்திலெல்லாம் புள்ளிகளாம். பொடியில் கலப்படம், முதலிலிருந்து தொடங்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தெருவுல காமாலைனு வந்து கேட்டாங்கங்க. மருந்து கேட்டு வந்தவங்ககிட்ட இல்லைனு சொல்ல முடியுமா? டாக்டர்கிட்டயும் காட்டுங்கனு சொல்லித்தான் குடுத்தேன். டப்பா கம்மியாயிடுச்சு. முருங்கை எலையைக் காயவெச்சுப் பொடி பண்ணி ரொப்பிட்டேன். ரெண்டும் பச்சைதானே, ரெண்டும் ஒடம்புக்கு நல்லதுதானே?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோடையில் கொல்லை காய்ந்து கிடந்தது, இனி மழைக்குத்தான் செடி. அப்பா செங்கத்துக்குப் போய் அவகாசம் கேட்டார். அவர்கள் காத்திருக்கவில்லை. வைகாசியிலேயே வேறு பெண்ணோடு அந்தக் கல்யாணம் நடந்தது. நான் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். "ஒன்னாலதான் எல்லாம் போச்சு" என்று கத்தியும் விட்டேன். அம்மா எனக்குத் தட்டில் சோறு போட்டாள்.

அடுத்த மழைக்கு மறுபடி கொல்லையில் இறங்கினோம். அவ்வளவு சந்தோஷமாகச் சித்தி அதற்கு முன்பு செடி பிடுங்கி நான் பார்த்ததில்லை. இந்த முறை புள்ளி சரியான இடத்தில் நின்றது. மேலே படித்தாள், டாக்டர் பட்டம் வாங்கினாள், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கல்யாணமும் பிறகு அவள் விருப்பப்படியே நடந்தது. அதற்குள் நான் பட்டுப்பாவாடை என்றால் முகம் சுளிக்கும் வயதுக்கு வந்துவிட்டேன்.

கார்த்திகை தீபத்துக்குச் சித்தி வரும்போதெல்லாம் அம்மா முருங்கைக்கீரைதான் வதக்குவாள். அப்பா உடனே பழைய கதையை எடுப்பார், இவளுக்குக் கீரைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது என்பார். எல்லோருக்கும் முந்தி அம்மாவே சிரிப்பாள். சித்தி மட்டும் சிரிக்காமல், இன்னும் கொஞ்சம் கீரை போடச் சொல்லித் தட்டை நீட்டுவாள்.

கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே செடியைப் பிரித்துப் போட்டவளுக்கு, எந்த டப்பாவில் எதைக் கொட்டுகிறோம் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அப்பா இதுவரை அதைக் கேட்டதில்லை. பாவாடைக்காக அழுதுகொண்டிருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.