வெயில் குறையும் என்று நான் சொன்ன அன்று

கத்திரி வெயிலில், சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நூறு பேரை உட்கார வைத்து, "இனி வரும் வருடங்களில் சூரியன் கொஞ்சம் தளரலாம்" என்று சொன்னால் என்ன செய்வார்கள்? கைதட்டுவார்கள். எனக்கும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மயங்கி நான் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டேன். இதை எழுதாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். மாதம் ஒரு முறை கூடும் உள்ளூர் வாசகர் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சூரியச் சுழற்சிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே தலைப்புக் கொடுத்தேன். ஏறக்குறைய பதினோரு வருடத்துக்கு ஒரு முறை சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் கூடும், பிறகு குறையும். சமீபத்திய சுழற்சிகள் முன்பு இருந்தவற்றைவிடச் சோர்ந்தவை. நீண்ட அமைதி ஒன்று வரலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன் அப்படிப் புள்ளிகளே அபூர்வமான ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஆறுகள் உறைந்த குளிர்காலங்கள் உண்டு. இது என் பேச்சின் முதல் பாதி.

இரண்டாம் பாதி, முதல் பாதியின் காற்றைப் பிடுங்கிவிடும் பாதி. அந்தக் குளிருக்கு எரிமலைகளுக்கும் பங்கு உண்டு. சூரியன் மறுபடி அப்படி அமைதியானாலும் பூமி குளிர்வது மிகச் சிறிய அளவுதான். நாம் காற்றில் ஏற்றி வைத்திருக்கும் புகை அதை விழுங்கிவிடும். போதாததற்கு, இப்போதைய சுழற்சி கணித்ததைவிடப் பலமாக ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாம் குறிப்பில் இருந்தது, பச்சை மையில் அடிக்கோடு போட்டு.

ஆறுகள் உறைந்த இடத்துக்கு வந்தபோது முன்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். மண்டபமே சேர்ந்துகொண்டது. மின்விசிறிகள் அனலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. அப்போது பார்த்து, நேரம் முடிந்தது என்று துண்டுச் சீட்டு வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், சால்வை போட்டார்கள்.

முன்வரிசையில் கடலூரிலிருந்து வந்திருந்த என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணன் குறிஞ்சிப்பாடியில் விதை, உரக் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் நான்தான் அதிகம் படித்தவள் என்பதில் என்னைவிட அவருக்குப் பெருமை. பக்கத்து நாற்காலிக்காரரிடம், "பேசுறது என் தங்கச்சி" என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

அவர்கள் வீடு கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில், பள்ளமான நகர் ஒன்றில் இருக்கிறது. கட்டியபோது ரோட்டுக்கு மேலேதான் இருந்தது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏறியது, வீடு கீழே போனது. பெரிய மழை வந்தால் சாக்கடையோடு சேர்ந்து தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடும். ஐப்பசி பிறந்தாலே அண்ணி ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிடுவார். அதில் அவருடைய இன்சுலின் இருக்கிறது. கரண்ட் போனால் அதை மண்பானைத் தண்ணீரில், டப்பாவில் போட்டு வைப்பார். சர்க்கரை அவருக்குப் பதினைந்து வருடமாக உண்டு.

அந்த வருடம்தான் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது என்று முடிவாகியிருந்தது. ஆட்கள் வந்து அளந்து, மூன்றரை அடி தூக்கலாம், ஆனி மாதம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கும் அண்ணி பேசி வைத்திருந்தார். பாதிப் பாத்திரம் சாக்கில் கட்டியாகிவிட்டது.

பேச்சு முடிந்து பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார்.

"வூடு தூக்குற ஆளுங்களை வேணாம்னு சொல்லிட்டேம்மா."

"ஏண்ணே?"

"நீதான சொன்ன, சூரியனே தளரப் போவுதுன்னு. வெயில் கம்மியாச்சுன்னா கடல் சூடு கம்மியாவும், புயலும் கம்மியாவும். எதுக்கு நல்லா இருக்குற சுவத்தை அறுக்கணும்?"

"நான் அப்படிச் சொல்லலண்ணே. இன்னும் பாதி பாக்கி இருக்கு."

"ஒனக்கு அடக்கம் ஜாஸ்தி" என்று சிரித்தார்.

அப்போதே பஸ் ஏறிப் போய் எதிரில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். சிதம்பரத்திலிருந்து கடலூர் என்ன காசியா ராமேஸ்வரமா? ஆனால் உரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் என் பேச்சைச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனி போயிற்று. ஆடியில் வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். ஆவணியில் அண்ணி ஞாபகப்படுத்தியதற்கு, "உன் நாத்தனார் பேச்சைக் கேட்ட இல்ல?" என்றாராம். சாக்கில் கட்டியிருந்த பாத்திரங்களை அண்ணி எடுத்து மறுபடி அடுக்கினார்.

கார்த்திகையில் தண்ணீர் வந்தது. பெரிய வெள்ளம் ஒன்றும் இல்லை, பேப்பரில் கூட நாலு வரிதான். அண்ணனுக்குக் கூடத்தில் முழங்கால் அளவு. புதுச் செருப்பு கடித்து அண்ணியின் காலில் ஒரு கொப்புளம் இருந்திருக்கிறது. அந்தக் காலோடு இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் நடந்திருக்கிறார். புண் ஆறவே இல்லை. மார்கழியில் இடது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அண்ணி என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார், அரையாண்டுப் பரீட்சை முடிந்ததா என்று கேட்டார். பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. திட்டிக்கொண்டே இரண்டு பஸ்ஸை விட்டேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் எனக்குச் சீர் கொண்டுவருவார்: பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. அந்தப் பொங்கலுக்குத் தனியாக வந்தார். புடவையை அண்ணிதான் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த முறை நிறம் எனக்குச் சேரவே இல்லை. கடையில் தானே எடுத்ததாகச் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தின் வழியே சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழ வைத்தேன். அவர் நேராகக் கண்ணை வைக்கப் போனார்; கையைத் தட்டிவிட்டேன். அட்டையில் உள்ளங்கையில் பாதி அளவு வட்டம், அதில் புள்ளிகள். அண்ணன் குனிந்து எண்ணினார்.

"ஏழு இருக்கும்மா. இது கம்மியா?"

"ஜாஸ்திண்ணே. நல்ல பலத்தோட இருக்கு."

"தளரும்னு சொன்னியே."

"தளரும்னு கணிச்சாங்க. இந்தத் தடவை அப்படி வரல. அடுத்த தடவை தளர்ந்தாலும் பெரிசா ஒண்ணும் ஆவாது. கீழ பொங்கப் பானை அடுப்புல ஆயிரம் சுள்ளி எரியுதுன்னு வச்சுக்க. ஒரு சுள்ளியை இழுத்துட்டு, பானையை இறுக்கி மூடிட்டா சூடு கொறையுமா? நாம விட்ட புகைதான் அந்த மூடி."

அண்ணன் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூமி சுழலச் சுழல வட்டம் மெதுவாக அட்டையின் ஓரத்துக்கு நகர்ந்தது. கீழே தெருவில் யார் வீட்டிலோ பொங்கலோ பொங்கல் என்று சத்தம்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருக்கணும். எழுதியும் வச்சிருந்தேன். கை தட்டுனாங்க, நிறுத்திட்டேன். தப்பு என்னுது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். "ஒன் பேச்சு மட்டும் இல்ல. எனக்குப் பயம். எங்க கடைக்கு எதிர்ல ஒருத்தரு வூட்டைத் தூக்குனப்போ சுவரு விரிசல் விட்டுடுச்சு. நம்ம வூடும் அப்படி ஆயிட்டா என்னா பண்றதுன்னு இருந்தேன். நீ பேசுனது வசதியாப் போச்சு" என்றார்.

சூரியனை வைத்து இனி எதுவும் பேச வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. பேசினால் அவர் பதில் பேசுவார். விவாதம் என்றால் அவருக்கு உரம் போட்ட மாதிரி. சீர்த்தட்டை எடுத்து வந்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னாம்மா இது? பொங்கச் சீரை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?"

"இந்த வருஷம் எனக்கு இது வேணாம். வூட்டைத் தூக்கு. அதான் என் சீரு. பொறந்த வூட்ல கேக்குற உரிமை எனக்கு இருக்குல்ல?"

வாங்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டும் வச்சுக்க" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

மாசியில் வேலை தொடங்கியது. அஸ்திவாரத்துக்கு மேல் சுவரை அறுத்து, சுற்றிலும் ஜாக்கிகளை நெருக்கமாக நிறுத்தினார்கள். ஒருவர் விசில் ஊதுவார். எல்லா ஆட்களும் ஒரே நேரத்தில் ஒரு திருப்புத் திருப்புவார்கள். வீடு ஒரு நூல் அளவு ஏறும். அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு எதிர் வீட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஓரிடத்தில் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் விட்டது. அதைப் பூசியாகிவிட்டது. வாசலுக்கு ஐந்து படி வைத்தார்கள்.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தபோது நான் கேட்காமலே அண்ணன் போனில் நிலவரம் சொன்னார். "முதல் படி முங்கிடுச்சு." மறுநாள், "ரெண்டாவது படியில நிக்குது." மூன்றாம் நாள் மழை விட்டதும் போனேன். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். ஃப்ரிட்ஜ் செங்கல் இல்லாமல் தரையிலேயே நின்றது. அண்ணி மேல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் கால்கள் உலர்ந்திருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரையை உருவினேன். ஒரு வருடமாக வாய் வரை வந்து நின்றதை அன்றைக்குச் சொன்னேன்.

"அண்ணி, அன்னிக்கு மண்டபத்துல கை தட்டுனாங்கன்னு மீதியைச் சொல்லாம எறங்கிட்டேன். நான் சொல்லியிருந்தா ஒங்களுக்கு இந்த விரல் போயிருக்காது."

அண்ணி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மொதல்ல கை தட்டுனதே நான்தான்" என்றார். "வெயிலு கொறையும், தண்ணி வராது, இனிமே எதையும் தூக்கி வக்க வேணாம்னு நெனச்சேன். அவ்ளோ சந்தோஷம் எனக்கு."

பிறகு கீரைத் தட்டை என் பக்கம் நகர்த்தி, காம்பு நிறைய விழுகிறது, பார்த்து உருவு என்றார்.