ரமோனா அழித்த நெடுவரிசை

பிட்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ரமோனா டூடெக்குக்குச் ‘சுத்தக்காரி’ என்று பெயர். துடைப்பம் பிடிக்கிற வேலை அல்ல. எட்டாயிரம் பெண்களின் மார்பகக் கட்டிகளிலிருந்து எடுத்த மரபணு விவரங்களை, கம்ப்யூட்டர் படித்துக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் பிழை நீக்கித் தருகிற வேலை. பத்தொன்பது வருஷமாக இதுதான். வேண்டாத ஒரு எழுத்து கிடந்தால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நோயாளிகளின் பெயர் அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எல்லாரும் வெறும் எண்கள்.

அவள் சுத்தம் செய்து கொடுத்ததைப் படித்த கம்ப்யூட்டர் மாடல், யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவை சரியாகச் சொன்னது. திரும்பாது என்றால், தலைமுடியெல்லாம் கொட்டவைக்கும் கீமோ மருந்து வேண்டாம். வருகிற திங்கள் முதல் ஆறு ஆஸ்பத்திரிகள் அதன் பேச்சைக் கேட்கப்போகின்றன. தலைமை டாக்டர் எலேன் ஹாஸ் கேக்குக்குக்கூடச் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் ரமோனா ஒரு சோதனை செய்தாள். மாடலிடமிருந்து மரபணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி, எப்போது தடுமாறுகிறது என்று பார்ப்பது. பாதியைப் பிடுங்கினாள், தொண்ணூற்று மூன்று. முக்கால்வாசியைப் பிடுங்கினாள், அதே தொண்ணூற்று மூன்று. எரிச்சலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு தெளிவாகப் பதிவானது என்ற மதிப்பெண்ணை மட்டும் விட்டுவைத்தாள். தொண்ணூற்றொன்று!

“வால்ட், இங்க வாயேன். மரபணு ஒண்ணுகூட இல்லாம இது நோயைக் கண்டுபிடிக்குது.”

மாதிரிகளைப் பதிவு செய்யும் மெஷின்களை ஓட்டுகிற வால்ட், சாண்ட்விச்சோடு வந்தான். “ஜோசியம் கத்துக்கிச்சு போல. நாமெல்லாம் வீட்டுக்குப் போகலாம்.” திரையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான். “ரமோனா... நோய் திரும்பினவங்க மாதிரியெல்லாம் பழைய மெஷின்ல ஓட்டினது. மத்தவங்களது புதுசுல. பழசுல எப்பவும் மங்கலாத்தான் பதிவாகும். எது எந்த மெஷின்னு அட்டவணைல ஒரு நெடுவரிசை எழுதியிருந்தேனே, எங்க அது?”

எழுதியிருந்தான். குப்பை என்று நினைத்து அவள்தான் அழித்திருந்தாள். மாடல் புற்றுநோயைப் படிக்கவே இல்லை, மெஷினைப் படித்திருக்கிறது. அந்த வரிசை இருந்திருந்தால் யாராவது முதல் வாரமே கண்டுபிடித்திருப்பார்கள். களை என்று பயிரைப் பிடுங்கியிருக்கிறாள். இத்தனை வருஷம் பெருமைப்பட்ட தன் சுத்தமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“கேக்கையாவது தின்னுட்டுச் சொல்லேன்,” என்றான் வால்ட். அவன் சிரிக்கவில்லை. “உன் வேலைக்கே உலை வச்சிருவாங்க.”

“வைக்கட்டும்.”

டாக்டர் ஹாஸ் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“திங்கள்தானே ஆரம்பம், டாக்டர்? இன்னும் யாருக்கும் சொல்லலையே?”

“வெள்ளோட்டமா மூணு பேருக்குப் போன வாரமே சொல்லிட்டோம், கீமோ வேண்டாம்னு.”

டாக்டர் நோயாளிகளின் பெயர்கள் உள்ள பூட்டிய பட்டியலைத் திறந்து போனை எடுத்தார். விதிப்படி ரமோனா வெளியே போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

“மிஸஸ் ஹாவ்லிசெக்கா?”

பத்தொன்பது வருஷத்தில் அவள் காதில் விழுந்த முதல் பெயர். மறுமுனையில் ஒரு பெண் கலகலவென்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஓ... விக்கைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?”