பாதியில் திரும்பாதவர்

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த ஆறாவது மாதம் சகாதேவனின் மனைவி சரசு இறந்துபோனார். மகள் பெங்களூரில். தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற சகாதேவனுக்கு அந்தப் புது வீட்டில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. தினமும் கிரிவலம் கிளம்பிவிடுவார். பதினான்கு கிலோமீட்டர். பசித்தால் வழியில் இட்லி. ஊர் அவரைப் பக்திமான் என்றது. பக்தியெல்லாம் இல்லை, வீட்டுக்குப் பயந்த ஓட்டம். அண்ணாமலையாருக்கு இது தெரியும். காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மூட்டு காட்டிக்கொடுத்தது. டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார். அடி அண்ணாமலையில் ஒரு கூடத்தில் புத்தர் வழித் தியானம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். ஆசிரியர் தருமன், முன்னாள் பஸ் கண்டக்டர். ஓடாத கூடத்திலும் கால் அகட்டியே நிற்பார்.

நடைத் தியானம் எளிது: இருபது அடி போய், திரும்பி, இருபது அடி வர வேண்டும். சகாதேவன் திரும்பவில்லை. புத்தர் சிலையை வலப்பக்கம் வைத்துக் கூடத்தையே சுற்றினார். மூன்றாம் நாள் பின்னால் எட்டுப் பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பை வெளியே விட்டதோடு சட்டையையும் கழற்றியிருந்தார்.

"ஐயா, சுவரு வந்தா திரும்புங்க" என்றார் தருமன்.

"பாதியில திரும்பினா ஆவாதுங்க சார்."

"இது கிரிவலம் இல்லீங்க."

"அப்ப எங்கதான் போறது?"

"எங்கயும் போறதில்ல. அதான் பயிற்சியே."

"எங்கயும் போவாம இருக்கறதுக்கு நான் வூட்லயே இருந்துட்டுப் போறேனே!"

"இருக்க முடியுதுங்களா?"

எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். சகாதேவன் சுவர் வரை போனார். பிறகு திரும்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தார். மூச்சு வந்தது, போனது. சரசு வரவில்லை. ஏழாவது நிமிடம் எழுந்து தெருவுக்கு ஓடினார். மறுநாள் ஒன்பது நிமிடம். ஒரு நாள் அழுதார். அழுகையையும் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள், கவனித்தார்.

பௌர்ணமியன்று எதிர்வீட்டுப் பொன்னி வாசல் கேட் அருகே நின்று கூப்பிட்டாள். "சார், கெளம்பலீங்களா? கும்பல் ஜாஸ்தியாயிடும்."

"இல்லம்மா, நீங்க போய்ட்டு வாங்க. நான் வூட்ல இருக்கேன்."

"ஒடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தாம்மா கீறேன்."

உள்ளே போய் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தார். எது சர்க்கரை டப்பா, எது உப்பு டப்பா என்று தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. இரண்டையும் நக்கிப் பார்த்துவிட்டு, டீ போட்டு, உட்கார்ந்து முழுசாகக் குடித்தார்.