கம்பி எங்கே போகிறது?

சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. பாடாங் மேஹா பக்கம் எங்கள் தோட்டத்து மண்டபச் சுவரில் அதை மாட்டிய அன்று வாழைமரம் கட்டினார்கள், நாடா வெட்டினார்கள். வந்த பெரிய மனிதர்களுக்கு நாங்களே மாலை போட்டோம். 'இலவச வைஃபை' என்று பக்கத்திலேயே ஒரு பலகை. அன்று எல்லார் கைப்பேசியிலும் படம் ஓடியது. அதோடு சரி. மறுநாளிலிருந்து பெட்டியில் பச்சை விளக்கு எரியும், கைப்பேசியும் இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் ஒன்றும் வராது. எங்களுடைய மலிவான கைப்பேசிகள்தான் சரியில்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அந்தப் பணிவை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த ஆண்டு தாதியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காணொளியில் நேர்முகத் தேர்வு. எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் இணைய லைன் கிடைக்காது, அதனால் யாரும் டேட்டாவும் போடுவதில்லை. பெட்டியை மாட்டிய அலுவலகத்துக்கு அப்பா இரண்டு முறை போன் செய்தார். "திங்கட்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்றார்கள். நம்பினோம். செவ்வாயன்று அப்பா தோட்டத்துச் செம்பனையில் குலை வெட்டப் போகவில்லை. பள்ளிச் சீருடைபோல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தானது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே நின்ற அப்பா எட்டிப் பார்த்து, "ஏறு" என்றார். மோட்டாரில் பாடாங் செராய் டவுனுக்குப் பறந்தோம்.

முதலில் நூலகம். கதவு பூட்டியிருந்தது, வெளிச்சுவரை ஒட்டி நின்றால் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள், கிடைக்கவில்லை. அடுத்து பஸ் நிலையம். அங்கே வைஃபைக்குள் நுழைய, குறுஞ்செய்தியில் வரும் குறியீடு கேட்டது, அது வந்து சேரவே இல்லை. கடைசியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் மாமா ஒருவர், நாங்கள் கேட்கும் முன்பே கடவுச்சொல்லைச் சொல்லி, மின்விசிறிச் சத்தம் கேட்கக்கூடாதென்று அதையும் நிறுத்தினார். இணைந்தபோது மணி பத்தே முக்கால். திரையில் தெரிந்த அம்மாள், என் முறை முடிந்துவிட்டது என்று மரியாதையாகச் சொன்னார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். திரை கறுத்துவிட்டது.

மறுநாள் அப்பா ஏணி போட்டு ஏறினார். பெட்டியிலிருந்து கிளம்பிய இணையக் கம்பி சுவரில் ஒரு துளை வழியாக மறுபக்கம் போயிருந்தது. அங்கே அதைச் சுருட்டி ஓர் ஆணியில் கட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். அது வேறெங்கும் போகவில்லை. திறப்பு விழா அன்று அதிகாரிகள் வண்டியில் கொண்டுவந்த தற்காலிக ஆன்டெனாவிலிருந்து எங்களுக்கு லைன் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா கத்தவில்லை. பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். முகப்பில் இருந்த தமிழ் அதிகாரி முன்னால் அதை வைத்தார்.

"இந்தக் கம்பி எங்க போவுது, தம்பி?"

"அண்ணே, இது அரசாங்கச் சாமான்லா. யாரைக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"கம்பி எங்க போவுதுன்னு கேட்டேன்."

"போலீஸ்ல ரிப்போட் பண்ணா உள்ள தள்ளிருவாங்க அண்ணே. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, முடிச்சுக்கலாம்."

அப்பா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அப்பா பக்கம் நகர்த்தினார். அப்போது அப்பாவுக்குத் துணையாக வாய் திறந்திருக்க வேண்டியவள் நான். பயந்துவிட்டேன். "எழுதிக் குடுத்துடுங்கப்பா, போலீஸ் கேஸெல்லாம் வேணாம்பா" என்று அழுதேன். அப்பா என்னைப் பார்த்தார். அதிகாரியை அப்படி ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பிறகு பேனாவை எடுத்தார்.

பெட்டியை மறுவாரமே மாட்டினார்கள். கம்பியைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு நான் மனுப் போடவில்லை. கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். இப்போது எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கைப்பேசி தானே வைஃபையைத் தேடிப் பிடித்து, 'விதிமுறைகளை ஏற்கிறீர்களா' என்று கேட்கிறது. அன்று அலுவலகத்தில் கேட்ட கடிதம் மலாயில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மலாய் பேச வரும், எழுத வராது; எடுத்த பேனாவை என்னிடம்தான் நீட்டினார். அதிகாரி சொல்லச் சொல்ல, 'என் தவற்றை உணர்கிறேன்' என்று அவர் பெயரில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.